காய்கறிக் கடையில் ஒரு தக்காளி

நான் ஒரு தக்காளி. இதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை. வெட்கப்பட வேண்டியவர்கள் வேறு ஆட்கள். அவர்களைப் பற்றித்தான் சொல்லப் போகிறேன்.

எங்கள் உயர்நிலைப் பள்ளியை ஒரே கோடை விடுமுறைக்குள் தலைகீழாக மாற்றிவிட்டார்கள். மூன்று வகுப்பறைகளுக்கு நடுவிலிருந்த சுவர்களை இடித்து ஒரே கூடமாக்கினார்கள். கரும்பலகை போயிற்று, மணி போயிற்று, 'எல்லாரும் புத்தகத்தைத் திறங்க' என்ற அதட்டலும் போயிற்று. ஆளுக்கொரு டேப்லெட் வந்தது. பாதிப் பாடத்தை அதில் பார்த்துப் படிக்க வேண்டும். மீதிக்கு ஆசிரியர் பக்கத்தில் உட்கார்ந்து, அவரவருக்கு எது வரவில்லையோ அதைச் சொல்லித் தருவார். கூடத்து வாசலுக்கு மேலே பெரிய எழுத்தில் எழுதி வைத்தார்கள்: 'அவரவர் பாதை, அவரவர் வேகம்.'

பொய் சொல்வானேன், முதல் நாள் அந்த எழுத்தைப் பார்த்ததும் எனக்குக் கண் கலங்கிவிட்டது. நான் மெதுவானவள். சாப்பிடுவதிலிருந்து செருப்பு மாட்டுவது வரை எல்லாமே மெதுவு. ஆனால் கணக்கு என்றால் எனக்கு உயிர். ஒரு கணக்கை எடுத்தால் எல்லாப் பக்கமும் திருப்பித் திருப்பிப் பார்க்காமல் கீழே வைக்க மாட்டேன். பழைய வகுப்பில் நான் பாதி யோசிப்பதற்குள் முன்வரிசையில் எவனாவது விடையைக் கத்திவிடுவான். பாதிச் சாப்பாட்டில் இலையை எடுத்ததுபோல் வயிறு எரியும். இனி அந்த எரிச்சல் இல்லை என்று நம்பி, கணக்கில் இருந்த இரண்டு பாதைகளில் உயர்கணிதப் பாதையைத் தேர்ந்தெடுத்தேன்.

அந்த நம்பிக்கையில் மண்ணை அள்ளிப் போட்டது, கூடத்துச் சுவரில் மாட்டியிருந்த பெரிய திரை. அதில் எங்கள் ஒவ்வொருவர் பெயருக்கும் ஒரு வட்டம். டேப்லெட்டில் விரல் பட்டுக்கொண்டே இருந்தால் வட்டம் பச்சை. கொஞ்ச நேரம் தொடாவிட்டால் மஞ்சள். இன்னும் கொஞ்சம் போனால் சிவப்பு, பக்கத்தில் 'கவனம் சிதறிவிட்டது' என்று ஒரு வரி. பிள்ளைகள் சும்மா இருப்பார்களா? பச்சை வெண்டைக்காய், மஞ்சள் எலுமிச்சை, சிவப்பு தக்காளி, அந்தத் திரை காய்கறிக் கடை. ஒரே வாரத்தில் பெயர் வைத்து முடித்துவிட்டார்கள்.

எனக்குக் காகிதத்தில் எழுதினால்தான் கணக்கு வரும். கேள்வியை டேப்லெட்டில் படித்துவிட்டுக் காகிதத்தை எடுத்தேன் என்றால் பிறகு அந்தப் பக்கம் திரும்பவே மாட்டேன். அதனால் கடையில் நான் நிரந்தரத் தக்காளி.

யாராவது சிவப்பானால் கணக்கு சார் கையிலிருக்கும் கருவி அதிரும். சுவர்களை இடித்தபோது நடுவில் ஒரு தூண் மட்டும் மிஞ்சியிருந்தது. பலகை இல்லாமல் எங்கே நிற்பதென்று தெரியாமல் அவர் அதில் சாய்ந்து நின்று நின்று, தூண் சார் ஆகிவிட்டார். கருவி அதிர்ந்ததும் அவர் என்னிடம் வந்து அதிலிருந்து வாசிப்பார்.

"இப்போ நீ எப்படி உணர்றே?"

"யோசிக்கிற மாதிரி உணர்றேன் சார்."

"அது இதுல இல்லம்மா. சோர்வு, சலிப்பு, குழப்பம். ஏதாவது ஒண்ணு சொல்லு."

"கணக்கைப் பத்திக் கேளுங்களேன் சார்."

"எனக்கும் ஆசைதான். அங்க பாரு, அடுத்த சிவப்பு வந்தாச்சு."

போய்விடுவார். நல்ல மனிதர். என் காகிதத்தை ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டே போவார், பசித்தவன் பலகாரக் கடையைப் பார்ப்பதுபோல.

என் பக்கத்து இருக்கைக்காரிக்குப் பெயர் வாயாடி. அவள் வாயை மூடி நான் பார்த்தது தூங்கும்போது மட்டும்தான். அவள்தான் எனக்குத் தொழில் ரகசியத்தைச் சொல்லித் தந்தாள்.

"இடது கட்டை விரலை எதுக்குக் குடுத்திருக்காங்க உனக்கு? திரை ஓரத்துல வெச்சுத் தடவிட்டே இரு. பூனையைத் தடவற மாதிரி. வலது கையால என்ன வேணா பண்ணு. நான் நேத்து முழுக்கப் படம் வரைஞ்சேன். வெண்டைக்காய்தான்."

நிமிர்ந்து கூடத்தைப் பார்த்தேன். அத்தனை பேரும் தடவிக்கொண்டிருந்தார்கள். ஒருத்தி ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு தடவினாள். ஒருவன் கொட்டாவி விட்டுக்கொண்டு தடவினான். தடவத் தடவக் கேள்வி நகராமல் நின்றால், துப்பு என்று ஒரு பொத்தான் இருக்கிறது. விடாமல் அழுத்தினால் கடைசியில் விடையையே கக்கிவிடும். அதை எழுதி அடுத்த பாடத்துக்குப் போய்விடலாம்.

"எனக்கு யோசிக்கும்போது கை அசையாதுடி" என்றேன்.

"அப்போ யோசிக்காத" என்றாள் வாயாடி, மிகவும் அக்கறையாக.

இப்படியே போனதில் ஒருநாள் தலைமையாசிரியை என் அம்மாவை வரச் சொன்னார். அம்மா மருத்துவமனையில் செவிலி. வேலை முடிந்து வெள்ளை உடுப்போடு நேராக வந்தாள். அறையில் இந்தத் திட்டத்தை வடிவமைத்த இளைஞரும் இருந்தார். எதைச் சொன்னாலும் வெள்ளைப் பலகையில் ஓர் அம்பு போட்டுத்தான் சொல்வார் என்பதால் அவருக்கு அம்பு என்று பெயர். அம்பு என் வாழ்க்கையிலிருந்து இரண்டு அம்புகள் போட்டார். ஒன்று மேலே போயிற்று. மற்றது கீழே போயிற்று. கீழே போனதன் முனையில் 'அடித்தளப் பாதை' என்று எழுதினார்.

"உங்க பொண்ணு பாதி நேரம் டேப்லெட்டைத் தொடறதே இல்லம்மா. ஈடுபாடு இல்ல. அடித்தளப் பாதைக்கு மாத்தினா அவளுக்கு வசதியா இருக்கும்."

"அங்க என்ன கணக்கு சொல்லித் தருவீங்க தம்பி?" என்றாள் அம்மா.

"பின்னம், சதவீதம், அன்றாடக் கணக்கு."

"அதெல்லாம் அவ எப்பவோ முடிச்சாச்சே. திரும்ப இங்க வரலாமா?"

"இந்த வருஷம் முடியாது."

அடுத்த வருஷம் இறுதித் தேர்வு. அதில் உயர்கணிதம் எழுதாவிட்டால் கல்லூரியில் கணிதம் எடுக்கவே முடியாது. இது அந்த அறையிலிருந்த நான்கு பேருக்கும் தெரியும். ஒருவரும் வாய் திறந்து சொல்லவில்லை.

"என் பொண்ணு மெதுவுதான். பொறந்ததே குறிச்ச தேதி தாண்டித்தான்" என்றாள் அம்மா. "அதுக்காக வெளிய தள்ளிடுவீங்களா மேடம்?"

தலைமையாசிரியை கெட்டவர் அல்லர். இந்த மாற்றத்துக்காக அவர் வீடு வீடாகப் போய்ப் பெற்றோரிடம் பேசியது எங்களுக்குத் தெரியும். பின்வரிசையில் யாரும் ஒளிந்திருக்கக் கூடாது என்பதுதான் அவர் ஆசை. "நான் தள்ளலைம்மா. யார் பின்தங்கறாங்கன்னு முன்னாடியெல்லாம் தேர்வு வந்தப்புறம்தான் தெரியும். இப்போ உடனே தெரியுது. தெரிஞ்சும் பாத்துட்டு இருக்க முடியாது" என்றார்.

"வாசல்ல அவரவர் வேகம்னு எழுதியிருக்கே மேடம்" என்றேன்.

"வேகம்னா ஒரு எல்லைக்குள்ளதான்" என்றார் அம்பு.

"அப்போ அதையும் சேத்து எழுதிடுங்க சார்."

அம்மா என் முழங்கையில் கிள்ளினாள். நன்றாகவே கிள்ளினாள். கடைசியில் ஒரு சமரசம் வந்தது. இந்த மாதக் கடைசியில் மற்ற பள்ளிகளிலிருந்து எங்கள் கூடத்தைப் பார்க்க ஆட்கள் வருகிறார்கள். அதற்குள் நான் பச்சையாகிவிட்டால் உயர்கணிதம். இல்லாவிட்டால் அதற்கடுத்த திங்கட்கிழமை முதல் பின்னம்.

சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்க மாட்டான் என்பார்களே, அந்தப் பூசாரி எங்கள் பள்ளியில் சுவரில் தொங்கிக்கொண்டிருந்தான்.

வீட்டில் எல்லாருக்கும் என் பிடிவாதம் கேலிக்கூத்தாகத் தெரிந்தது. அப்பா பேருந்து ஓட்டுகிறவர், சண்டை பிடிக்காதவர். "ஊரோட ஒத்துப் போ கண்ணு" என்றார். அண்ணன் தட்டிலிருந்து தலையை எடுக்காமல், "ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம்" என்றான். அவன் மேல் ஸ்பூனை எறிந்தேன்.

"தடவிட்டுத்தான் போயேன்டி" என்றாள் அம்மா. "உன் விரல் தேஞ்சா போயிடும்? எத்தனை பொய்க்கு மத்தியில நாங்க வேலை பாக்கறோம் தெரியுமா? உனக்குக் கணக்கு வேணும், அவ்வளவுதானே? தடவு, வாங்கிக்கோ."

அவள் சொன்னதில் நியாயம் இருந்தது. எனக்குக் கணக்கு வேண்டும். அதனால் தடவினேன்.

அந்த வாரம் நான் பளபளவென்று வெண்டைக்காயாக இருந்தேன். தூண் சாரின் கருவி எனக்காக ஒருமுறைகூட அதிரவில்லை. அம்பு என்னைக் கடந்து போகும்போது கட்டை விரலைத் தூக்கிக் காட்டினார். என் கட்டை விரல் தடவிக்கொண்டிருந்தது. ஆனால் விரலைக் கவனித்தால் கணக்கு நழுவியது, கணக்கைக் கவனித்தால் விரல் நின்றது. விரல் நின்றால் கடையில் மஞ்சள் வருமே என்று பயந்து துப்பை அழுத்தினேன். பிறகு இன்னொன்று. பிறகு பழகிவிட்டது. ஒரு முழு அத்தியாயத்தை முடித்தேன். திரையில் பூமழை, 'அபாரம்!' என்று ஒரு சொல்.

வெள்ளிக்கிழமை வீட்டுக்குப் போகும் வழியில், முடித்த அத்தியாயத்திலிருந்து ஒரு கணக்கை மனசுக்குள் எடுக்கப் பார்த்தேன். நடக்கும்போது கணக்குப் போடுவது என் வழக்கம். ஒன்றுகூட வரவில்லை. கேள்வியே ஞாபகத்தில் இல்லை. ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்று அம்மா சொல்வாள். என்னிடம் ஏடும் இல்லை, சுரைக்காயும் இல்லை, பச்சை வட்டம் மட்டும்தான் இருந்தது. நடுத் தெருவில் நின்று அழுதேன். எனக்குப் பிடித்த ஒரே விஷயத்தை நானே திருடிக் குப்பையில் போட்டதுபோல் இருந்தது. இனி உயிரே போனாலும் தடவுவதில்லை என்று முடிவு செய்தேன். மறுவாரம் பழையபடி தக்காளியாகிவிட்டேன். வீட்டில் சொல்லவில்லை.

விருந்தினர் வரும் நாள் காலையில் அம்பு எங்கள் சிலரை மட்டும் தனியாக அழைத்தார். சுற்றிப் பார்த்தேன். எல்லாரும் தக்காளிகள்.

"இன்னைக்கு நீங்க கூடத்துக்கு வர வேண்டாம். நூலகத்துல உக்காந்து பிடிச்சதைப் படிக்கலாம். டேப்லெட்கூட வேண்டாம். உங்களுக்கு ஓய்வு."

மற்றவர்களுக்கு மகிழ்ச்சி. நாங்கள் தூங்குமூஞ்சி என்று கூப்பிடும் பையன் நூலக மேசையில் கன்னத்தை வைத்து அந்த நிமிஷமே குறட்டை விடத் தொடங்கினான். நான் ஒரு புத்தகத்தை எடுத்து, ஒரே வரியைத் திரும்பத் திரும்பப் படித்துக்கொண்டிருந்தேன். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பார்களாம். இவர்கள் தக்காளிகளை நூலகத்தில் மறைக்கிறார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. மெதுவாக இருப்பது குற்றம் என்றால் முகத்துக்கு நேராகச் சொல்லட்டும். ஒளித்து வைக்க நான் என்ன உடைந்த பாத்திரமா?

எழுந்தேன்.

"எங்கே போற?" என்று தூங்குமூஞ்சி ஒரு கண்ணைத் திறந்தான்.

"என் இடத்துக்கு."

"திங்கட்கிழமை உனக்கு இடமே இல்லையே" என்றான்.

"இன்னைக்கு இருக்கில்ல."

கூடத்தில் நுழைந்து, அலமாரியிலிருந்து என் டேப்லெட்டை எடுத்து, வாயாடி பக்கத்தில் உட்கார்ந்தேன். அவள் கண் விரிந்தது. கேள்வி வந்தது. ஒரு செவ்வகம். அதற்குள் எங்கோ ஒரு புள்ளி. ஒரு மூலையிலிருந்து சுற்றி வந்தால், அடுத்தடுத்த மூன்று மூலைகளுக்கும் புள்ளிக்கும் உள்ள தூரம் மூன்று, நான்கு, ஐந்து. நான்காவது மூலைக்குத் தூரம் எவ்வளவு? அவ்வளவுதான். நீளம் கிடையாது, அகலம் கிடையாது. என்ன திமிர் இந்தக் கணக்குக்கு என்று நினைத்தேன். எனக்கு அதை உடனே பிடித்துவிட்டது. காகிதத்தை எடுத்தேன்.

விருந்தினர்கள் வந்ததையே நான் கவனிக்கவில்லை. கூடம் அமைதியாகியிருந்ததும், அம்புவின் குரல் எங்கிருந்தோ கேட்டதும் மட்டும் தெரிந்தது. நீளத்தைக் கண்டுபிடிக்க ஒரு வழி போட்டேன், முட்டிக்கொண்டது. அகலத்துக்கு ஒன்று போட்டேன், அதுவும் முட்டிக்கொண்டது.

"எல்லாம் பச்சையா இருக்கே, அருமை" என்றது ஒரு பெண் குரல். "அந்த ஒண்ணு மட்டும் ஏன் சிவப்பு?"

தலையைத் தூக்கினேன். பெரிய திரையில் பச்சைப் பசேல் என்று வட்டங்கள். நடுவில் நான். தலைமையாசிரியையின் முகம் சுருங்கியது. தூணில் சாய்ந்திருந்தவர் நேராக நின்றார்.

"அது ஒரு விதிவிலக்கு" என்றார் அம்பு. "திங்கட்கிழமைக்குள்ள சரி பண்ணிடுவோம்."

"சரி பண்றதா?"

பேசியது நான் அல்ல, வாயாடி. எழுந்தே நின்றுவிட்டாள். "அவ என்ன ஒழுகற குழாயா சார், சரி பண்றதுக்கு? இந்தக் கூடத்துல கணக்குப் போடறது அவ ஒருத்திதான். நாங்கல்லாம் தடவிட்டு இருக்கோம்."

விருந்தினர்களுக்கு ஒன்றும் புரியவில்லை. வாயாடி தன் கட்டை விரலை எல்லாரும் பார்க்கும்படி தூக்கிப் பிடித்தாள். கூடமே அந்த விரலைப் பார்த்தது. பிறகு திரையைப் பார்த்தது. அவள் வட்டம் மஞ்சளாகி, பொறுமையாகச் சிவந்தது.

அடுத்த மேசையில் ஒருவன் விரலை எடுத்தான். அவனுக்குப் பின்னால் ஒருத்தி. பிறகு யார் எப்போது எடுத்தார்கள் என்று சொல்ல முடியவில்லை. பச்சைகள் மஞ்சளாகிக்கொண்டே வந்தன. அம்பு வேகவேகமாக எதையோ அழுத்தினார். "நெட்வொர்க் பிரச்சினை" என்றார். தூண் சாரின் கருவி விடாமல் அதிர்ந்தது. அவர் அதை அணைத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். சுவர் முழுக்கச் சிவப்பு.

"இத்தனை நாளா எல்லாரும் என்னை ஏமாத்திட்டு இருந்தீங்களா?" என்றார் தலைமையாசிரியை. குரல் உடைந்திருந்தது. அவர் கோபப்பட்டிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

"நீங்க பச்சை கேட்டீங்க மேடம்" என்றேன். "பச்சை குடுத்தாங்க."

அவர் என் மேசைக்கு வந்தார். விருந்தினர்களும் வந்தார்கள். என் காகிதத்தில் அடித்தல் திருத்தல்தான் அதிகம்.

"இதுல நீளம் அகலம் இல்லையே?" என்றார் அந்த விருந்தினர்ப் பெண்.

"ஆமா. அதான் பிடிச்சிருக்கு."

தலைமையாசிரியை காகிதத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு ஒரு முடிவுக்கு வந்தவர்போல் நிமிர்ந்தார். "சரி. இவ்வளவு பேசறியே, இந்தக் கணக்கை எங்க முன்னாடி முடிச்சுக் காட்டு. முடிச்சா நீ உயர்கணிதத்துலயே இருக்கலாம்."

வாயாடி என் தோளைத் தட்டினாள். முன்பென்றால் நானும் சந்தோஷப்பட்டிருப்பேன். இப்போது கோபம்தான் வந்தது.

"முடிக்க வருமான்னு தெரியல மேடம்" என்றேன். "வரலைன்னாலும் நான் இங்கதான் இருப்பேன். முடிக்கத் தெரிஞ்சவளுக்குப் பள்ளிக்கூடம் எதுக்கு?"

தூண் சார் தூணை விட்டு நடந்து வந்தார். அவர் அந்த இடத்தை விட்டுத் தானாக நகர்ந்ததை அன்றுதான் பார்த்தேன். என் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, காகிதத்தைத் தன் பக்கம் திருப்பினார்.

"நீளத்தை எதுக்குத் தேடறே?" என்று கேட்டார்.

"தெரிஞ்சாத்தானே சார்..."

"தேவைதானா? யோசி." அதற்கு மேல் சொல்லவில்லை. திருப்பி என் பக்கம் தள்ளினார்.

தலைமையாசிரியை அம்புவைப் பார்த்தார். "திங்கட்கிழமை யாரையும் எங்கயும் மாத்த வேண்டாம். அந்தத் திரையை நிறுத்துங்க. நூலகத்துல இருக்கறவங்களை வரச் சொல்லுங்க."

"மேடம், இந்த மாதத் தகவல் எல்லாம்..."

"எந்தத் தகவல்?" என்றார் அவர்.

சுவர் கறுப்பாயிற்று. விருந்தினர்களைத் தேநீருக்குக் கூப்பிட்டார்கள். அந்தப் பெண் மட்டும் நகராமல் என் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்தார். "விடை என்னம்மா? தெரிஞ்சுட்டுப் போறேனே" என்றார்.

புள்ளி வழியாகக் குறுக்கே ஒரு கோடு போட்டேன். நெடுக்கே ஒன்று. நான்கு சின்னச் செவ்வகங்கள் கிடைத்தன. எதுவோ கைக்கு எட்டுவதுபோல் இருந்தது. இன்னும் எட்டவில்லை.

"நீங்க டீ குடிச்சுட்டு வாங்க" என்றேன்.